கோஸ் உருண்டையில் சர்க்கரை இருந்ததா

நெய்வேலியில் நம் தெருவில் வளர்ந்தவர்களுக்கென்று நடக்கும் வாட்ஸப் குழுவில் போன மாதம் ஒருவர் என்னைப் பற்றி எழுதியிருந்தார். ஏழாம் வகுப்புப் படிக்கும்போது, சர்க்கரை வியாதி வந்த சிநேகிதிக்கு இனிப்புப் பலகாரம் செய்து கொடுத்து ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவைத்தவள் இவள்தான் என்று. அதற்குக் கீழே வரிசையாகச் சிரிப்புப் பொம்மைகள்.

நீங்கள் எல்லோரும் என் வயதுக்காரர்கள். பாதிப்பேர் காலையில் காபிக்கு முன்னால் மாத்திரை போடுகிறவர்கள். விரலைக் குத்தி எண் பார்க்கத் தெரிந்தவர்கள். அதனால் உங்களுக்கு இதைச் சொன்னால் புரியும். பலகாரம் செய்து கொடுத்தது நான்தான். அவள் ஆஸ்பத்திரிக்குப் போனதும் உண்மைதான். ஆனால் நான் சர்க்கரை போடவில்லை. நான் செய்த தப்பு வேறு. அது அன்றைக்கு ஒரு வீட்டுக்குள் இருந்த ஏழெட்டுப் பேருக்கு மட்டும்தான் தெரியும். அவர்களில் பெரியவர்கள் யாரும் இப்போது இல்லை.

அது தவக்காலம். எங்கள் வீட்டில் சாம்பல் புதனிலிருந்து ஈஸ்டர் வரை கறி, மீன் கிடையாது. அதோடு பிள்ளைகள் ஆளுக்கு ஒன்றை விட வேண்டும். அண்ணன் சினிமாவை விட்டான். மற்ற மாதங்களில் மட்டும் அவனை யார் சினிமாவுக்கு அனுப்பினார்கள் என்று ஒருவரும் கேட்கவில்லை. நான் இனிப்பை விட்டேன். கோயிலில் சாமியாரிடமே சொல்லிவிட்டு வந்தேன். அந்த வயதில் எனக்கு என்மேல் இருந்த மரியாதை இப்போதுகூட இல்லை.

தெருவின் கடைசி வீட்டில் இருந்தவள் என் வகுப்பு. அவளைக் கடைசிவீட்டுக்காரி என்றே சொல்கிறேன், நாம் அப்போது அப்படித்தான் சொன்னோம். பொங்கல் முடிந்ததிலிருந்தே அவள் ஒரு மாதிரியாக இருந்தாள். பாவாடை இடுப்பில் நிற்காது. ஊக்கு குத்திக்கொண்டு வருவாள். பாடம் நடக்கும்போது தண்ணீர்ப் பானைக்கு ஓடுவாள், திரும்பி வந்து உட்கார்ந்ததும் பாத்ரூமுக்கு ஓடுவாள். வகுப்பு டீச்சர் இதைப் பாடத்துக்குப் பயந்து போடும் நாடகம் என்று நினைத்து இரண்டு நாள் வெளியே நிறுத்திவைத்தார். மூன்றாம் நாள் அவள் பள்ளிக்கு வரவில்லை. பாண்டிச்சேரி ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள் என்றார்கள். மூன்று வாரம் கழித்துத் திரும்பி வந்தாள். சின்னப் பிள்ளைக்கும் சர்க்கரை வரும் என்பதே நம் தெருவுக்கு அப்போதுதான் தெரிந்தது.

மத்தியானச் சாப்பாடு உங்களுக்கு ஞாபகம் இருக்கும். தூங்குமூஞ்சி மரத்தடியில் வட்டமாக உட்கார்ந்து, டிபன் பாக்ஸ் மூடிகளை நடுவில் தள்ளுவோம். ஒவ்வொருத்தியும் தன் சாப்பாட்டில் ஒரு பிடியை எல்லா மூடியிலும் வைக்க வேண்டும். என் வகுப்பிலேயே படித்த எதிர்வீட்டுக்காரியின் மூடியில் காரைக்குடிப் பக்கத்து வத்தக்குழம்பு, தவக்காலம் இல்லாத நாளில் என் மூடியில் கடலூர்க் கருவாடு, இன்னொருத்தியின் மூடியில் திருநெல்வேலிச் சொதி. ஊர் ஊராக வந்து சேர்ந்த டவுன்ஷிப் அல்லவா, அந்த வட்டத்திலேயே பாதித் தமிழ்நாட்டைச் சாப்பிட்டுவிடலாம்.

கடைசிவீட்டுக்காரி திரும்பி வந்த அன்றைக்கு டீச்சர் வகுப்பில் சொன்னார்.

“அவ ஒடம்பு சரியில்லாத பொண்ணு. யாரும் எதையும் குடுத்து வெக்காதீங்க. அவ தனியா ஒக்காந்து சாப்பிடட்டும்.”

நல்லதற்குத்தான் சொன்னார். ஆனால் அவளுக்கு வராந்தாவில், பானைக்குப் பக்கத்தில் இடம் ஒதுக்கினார். இரண்டொரு அம்மாக்கள் “தொத்திக்கும்” என்றுகூடத் தங்கள் பிள்ளைகளிடம் சொல்லி அனுப்பினார்கள். அவள் சுவரைப் பார்த்துக்கொண்டு, சின்ன எவர்சில்வர் டப்பாவிலிருந்து எண்ணினாற்போல் சாப்பிடுவாள். சாப்பிட்டு முடித்ததும் டப்பாவை மூடி மடியில் வைத்துக்கொண்டு மணி அடிக்கும்வரை எங்களையே பார்ப்பாள். எனக்கு அந்தப் பார்வை தாங்கவில்லை. இரண்டு நாள் அவளுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தேன், அதுவும் தாங்கவில்லை.

அவள் வீட்டுக்குப் போக எங்கள் அம்மா தடை சொல்லவில்லை. அங்கே காலையில் நடப்பதைப் பார்ப்பதற்கென்றே நான் பல்லைத் தேய்த்ததும் ஓடிவிடுவேன். அவளுடைய அப்பாவை மாமா என்பேன். வடலூர்ப் பக்கத்துக்காரர். நிலம் சுரங்கத்துக்குப் போனதில் வேலை கிடைத்துப் பெர்மனன்ட் ஆனவர். சுரங்கத்துக்கு அடியில் ஊறும் தண்ணீரை இறைக்கிற பம்ப் ஹவுஸில் ஆபரேட்டர். மணிக்கொரு தரம் மீட்டர் பார்த்து எழுதிப் பழகிய கை. அந்தக் கையால் ஒரு கண்ணாடிக் குழாயில் நீலத் தண்ணீரை ஊற்றுவார். மயில் கழுத்தைப் போல அப்படி ஒரு நீலம். அதில் மகளின் சிறுநீரை எட்டுச் சொட்டு விட்டு, மர இடுக்கியில் பிடித்து, ஸ்பிரிட் விளக்கில் காட்டுவார். குழாய் குபுகுபுவென்று கொதிக்கும். நீலமாகவே இருந்தால் நல்லது. பச்சை என்றால் கொஞ்சம் சர்க்கரை. மஞ்சள், ஆரஞ்சு, செங்கல் நிறம் என்று போகப் போக ஆபத்து.

“பச்சை,” என்று உள்ளே பார்த்துக் குரல் கொடுப்பார். அத்தை, அதாவது அவளுடைய அம்மா, அடுப்படியிலிருந்து “மாதாவே” என்பது மாதிரி ஒரு பெருமூச்சு விடுவார். அவர்கள் வீட்டில் வள்ளலார் படம்தான் இருந்தது, ஆனாலும் அந்தப் பெருமூச்சு எங்கள் கோயிலில் கேட்பது போலவேதான் இருக்கும். பிறகு கொதிக்கவைத்த கண்ணாடி சிரிஞ்சில் மருந்தை ஏற்றி மாமா ஊசி போடுவார். அவள் முகத்தைச் சுளிக்காமல் ஜன்னலைப் பார்ப்பாள்.

அந்த அத்தையை நம் தெரு கல்நெஞ்சுக்காரி என்றது. சர்க்கரை டின்னை இரும்புப் பெட்டியில் வைத்துப் பூட்டியவர். மகளுக்குச் சோற்றை டம்ளரால் அளந்து போட்டவர். பக்கத்து வீட்டுப் பெயர்சூட்டு விழாவில் மகள் கையிலிருந்த லட்டைப் பிடுங்கிச் சாக்கடையில் எறிந்தவர். நானும் அப்படித்தான் நினைத்தேன். இன்றைக்கு யோசித்தால், அந்தப் பெண்மணி அந்த மூன்று மாதத்தில் ஒரு நாளாவது தூங்கியிருப்பாரா என்று தோன்றுகிறது.

அவர்கள் கூடத்துச் சுவரில் ஆஸ்பத்திரிக் காகிதம் ஒன்று ஒட்டியிருந்தது. மூன்று பத்தி. முதலாவதில் கூடவே கூடாதவை. நடுவில் அளவோடு சாப்பிட வேண்டியவை. மூன்றாவதில் தாராளமாகச் சாப்பிடலாம் என்று போட்டு, கீரை வகைகள், முட்டைக்கோஸ், கொத்தவரங்காய், சுரைக்காய், வெள்ளரிப்பிஞ்சு. ஒருநாள் காலையில் அந்த மூன்றாவது பத்தியை என் நோட்டில் எழுதிக்கொண்டு வந்தேன். நடுப் பத்தியை நான் படிக்கவே இல்லை. அதை இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

எதிர்வீட்டுக்காரியிடம் நோட்டைக் காட்டினேன்.

“இதுல பலகாரம் பண்ணுவோம். அவளும் சாப்பிடலாம், நம்மளும் சாப்பிடலாம். நானும் இனிப்பு வுட்டுருக்கேன்ல.”

“கோஸ்ல என்னடி பலகாரம்? பொரியல்தான் வரும்.”

“வரவெப்போம்.”

முதல் தடவை கோஸைப் பொடியாக நறுக்கி உப்புப் போட்டுப் பிசைந்து, உருட்டி இட்லித் தட்டில் வேகவைத்தோம். திறந்தால் உருண்டையைக் காணோம், தட்டு நிறைய ஈரக் கோஸ். அம்மா கோயிலிலிருந்து வந்து மூக்கைப் பொத்திக்கொண்டார்.

“என்னாடி பண்ணிக்கினு இருக்கீங்க ரெண்டு பேரும்? வூடு பூரா கோஸ் நாத்தம்.”

“தவக்காலத்துப் பலகாரம்மா.”

“இந்த நாத்தத்துக்கே பாவமெல்லாம் போயிடும்.”

இரண்டாம் தடவை புத்தி வந்தது. நறுக்கிய கோஸில் உப்பைப் பிசறிக் கால்மணி நேரம் வைத்து, துணியில் கட்டி இறுக்கிப் பிழிந்தோம். பச்சைத் தண்ணீர் ஒரு சொம்பு வந்தது. ஒரே ஒரு கைப்பிடி கடலைப்பருப்பை ஊறவைத்து, பச்சை மிளகாய், இஞ்சி, சோம்போடு அம்மியில் கொரகொரப்பாக அரைத்தோம். பருப்பும் வேண்டாம் என்றுதான் நான் சொன்னேன், அது காகிதத்தில் இல்லை. “ஒட்டறதுக்காவது வேணும்டி” என்று எதிர்வீட்டுக்காரி சண்டை போட்டாள். பின்கட்டு முருங்கையிலிருந்து ஒரு கொத்துக் கீரை உருவிப் போட்டோம். உருட்டி வேகவைத்ததும் உருண்டை உருண்டையாகவே நின்றது. ஆனால் வெளுத்துப்போய், பார்க்க நோயாளிச் சாப்பாடு மாதிரியே இருந்தது. அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. நோயாளிச் சாப்பாட்டை அவள் வீட்டிலேயே சாப்பிடுகிறாளே.

எதிர்வீட்டுக்காரி ஓடிப்போய் அவர்கள் வீட்டுப் பணியாரச் சட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தாள். பின்னாலேயே அவள் அம்மாவின் குரல்.

“பாத்து ஆத்தா, கீழ போட்றாதீங்க. எங்க ஊர்லேருந்து மடியில வச்சுத் தூக்கியாந்த சட்டி.”

குழிக்கு ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, வெந்த உருண்டைகளைப் போட்டுத் திருப்பினோம். கரிக்கட்டி அடுப்பின் நிதானமான சூட்டில் மெல்லச் சிவந்தன. மேலே மொறுமொறு, உள்ளே ஈரம். பல்லில் சோம்பு கடிபட்டது, முருங்கைக்கீரை வாசம் வந்தது. கோஸ் நாற்றம் போன இடம் தெரியவில்லை. நான் மூன்று தின்றேன். இந்த அறுபது வருடத்தில் எத்தனையோ சமைத்திருக்கிறேன், அந்த உருண்டை அளவுக்கு எனக்கே திருப்தி தந்தது வேறில்லை.

வெள்ளிக்கிழமை ஒரு தூக்கு நிறைய எடுத்துப் போனோம். மணி அடித்ததும் மரத்தடிக்குப் போகாமல், வட்டத்தையே வராந்தாவுக்குக் கொண்டுபோனேன். அவளைக் கூப்பிடவில்லை, நாங்கள் ஆறு பேரும் போய் அவளைச் சுற்றி உட்கார்ந்துவிட்டோம். அவள் பயந்து டப்பாவை மூடினாள்.

“டீச்சர் திட்டுவாங்கடி.”

“இதுல ஒண்ணும் இல்ல. உங்க வூட்டுச் செவுத்துல இருக்கறதப் பாத்துதான் பண்ணினோம். எல்லாம் மூணாவது பத்தி.”

ஒன்றை எடுத்துக் கடித்தாள். மென்றாள். “எத்தினி சாப்பிடலாம்?” என்று மெதுவாகக் கேட்டாள்.

“எத்தினி வேணாலும்.”

இரண்டு மாதமாக அவளிடம் யாரும் சொல்லாத வார்த்தை அது. அவள் கண் நிறைந்துவிட்டது. அப்புறம் சாப்பிட்டாள் பாருங்கள், பதினோரு உருண்டை. நடுவில் சிரித்தாள், இருமினாள், எதிர்வீட்டுக்காரியின் தலையில் குட்டினாள். பழைய ஆளாகவே ஆகிவிட்டாள். நான் ராணி மாதிரி உட்கார்ந்திருந்தேன்.

“சோறு?” என்று டப்பாவைப் பார்த்தாள்.

“அத ஏன் சாப்பிடுற? சோத்துலதான சக்கர இருக்குன்னு மாமா சொன்னாரு. இன்னிக்கு வெறும் காய் சாப்பிடு, நாளைக்குக் காலையில குழா நீலமா நிக்கும். உங்கப்பாவே அசந்துடுவாரு.”

அவள் டப்பாவை நான்தான் வாங்கினேன். நான்தான் எழுந்து போய், வேலி ஓரத்தில் நின்ற நாய்க்கு அந்தத் தயிர்சோற்றைக் கொட்டினேன்.

மூன்றரைக்கு விளையாட்டு வகுப்பு. கோகோ. இரண்டு மாதம் ஓரமாக உட்கார்ந்திருந்தவள், நானும் ஆடுகிறேன் என்று வந்தாள். அன்றைக்கு அவளைத் தொட யாராலும் முடியவில்லை. வெயிலில் வளைந்து வளைந்து ஓடினாள். பிறகு திடீரென்று நின்றாள். சட்டை முதுகோடு ஒட்ட வேர்த்துக் கொட்டியது. உதடு வெளுத்திருந்தது. ட்ரில் டீச்சர் “என்னம்மா?” என்று கிட்டப் போனார். எறும்புக்குக்கூட வழிவிடுகிற அந்தப் பெண், “போடி” என்றாள். எல்லோரும் சிரித்தோம். நானும்தான் சிரித்தேன். அடுத்ததாக அவள் ஏதோ சொன்னாள், நாக்கு குழறியது. கால் மடங்கி மண்ணில் விழுந்தாள்.

ட்ரில் டீச்சர் அவளைத் தூக்கிக்கொண்டு ரோட்டுக்கு ஓடி, வந்த ஜீப்பை மறித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். நாங்கள் மைதானத்தில் நின்றோம். அவளுடைய ஒரு ரிப்பன் மண்ணில் கிடந்தது.

சாயங்காலம் தெரு முழுக்கச் செய்தி பரவிவிட்டது. அவள் பிழைத்துக்கொண்டாள், ஏதோ ஏற்றியதும் எழுந்து உட்கார்ந்துவிட்டாள் என்று ட்ரில் டீச்சரே வந்து சொல்லிப் போனார். மாமா செகண்ட் ஷிப்ட், சுரங்கத்துக்குள் இருந்தார். தங்கையை ஆஸ்பத்திரியில் உட்காரவைத்துவிட்டு அத்தை நேராக எங்கள் வீட்டுக்கு வந்தார். தலை கலைந்து, ஒரு காலில் மட்டும் செருப்பு.

“எம் பொண்ணுக்கு என்னாத்தடி குடுத்த?”

“கோஸ் உருண்ட அத்த.”

“சக்கர போட்டியா?”

“போடல.”

“பொய் சொல்லாத. சக்கரையால வந்த மயக்கம்னு நர்ஸம்மா சொல்லிட்டாங்க. நீ போடாம எங்கேருந்து வரும்?”

அந்த நர்ஸ் சொன்னது அவ்வளவுதான். சர்க்கரையால் வந்த மயக்கம். ஏறியதாலா, இறங்கியதாலா என்று அவரும் விளக்கவில்லை, இவரும் கேட்கவில்லை. சர்க்கரை ஏறும் என்பது மட்டும்தான் நம் தெருவுக்குத் தெரியும். அது இறங்கவும் செய்யும் என்று யாருக்கும் தெரியாது.

அம்மா என் கன்னத்தில் ஓங்கி ஒன்று வைத்தார். வாசலில் கூட்டம் கூடிவிட்டது.

“கேக்கறாங்கல்ல, சொல்லுடி. வெல்லம் போட்டியா? தேன் ஊத்துனியா?”

“எதுவும் போடல. தவக்காலம் முடியறவரைக்கும் நான் சக்கரையத் தொடவே மாட்டேன்னு சாமியார்கிட்டயே சொல்லியிருக்கேன்.” எனக்கு அழுகையைவிடக் கோபம்தான் வந்தது. “நம்பலன்னா மாமா வூட்டு நீலத் தண்ணியில போட்டுப் பாருங்க. கலர் மாறிச்சுன்னா அடிங்க.”

தூக்கில் மிச்சம் நாலு உருண்டை இருந்தது. அம்மா எறியப் போனார். நான் பிடுங்கி, மூடி, என் தலைமாட்டில் வைத்துக்கொண்டு படுத்தேன்.

சனிக்கிழமை காலையில் அவளை வீட்டுக்கு அழைத்துவந்துவிட்டார்கள். நான் தூக்கோடு போனேன். அம்மா என் கையைப் பிடித்து இழுத்தபடியே கூட வந்தார். எதிர்வீட்டுக்காரியும் அவள் அம்மாவும் வந்தார்கள். அத்தையின் தங்கை நிலைப்படியில் நின்றார். கடைசிவீட்டுக்காரி கட்டிலில் சாய்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் போர்வைக்குள்ளிருந்து இரண்டு விரலை மட்டும் ஆட்டினாள்.

மாமா என்னைத் திட்டவில்லை. உருண்டையை முகர்ந்து பார்த்தார். லேசாகப் புளிப்பு வாடை அடித்தது. “சரி, டெஸ்ட் பண்ணிப்புடுவோம்” என்றார், ஷிப்டில் ஒரு வேலை வந்த மாதிரி. ஒரு உருண்டையை உதிர்த்து வெந்நீரில் கரைத்து, துணியில் வடிகட்டினார். குழாயில் நீலத் தண்ணீர். எட்டுச் சொட்டு. விளக்கு. எல்லோரும் குனிந்து பார்த்தோம். நான் மட்டும் நிமிர்ந்து நின்றேன். எனக்குப் பார்க்கவே வேண்டியதில்லை, எனக்குத் தெரியுமே.

“பச்சை,” என்றார் மாமா. கொஞ்சம் பொறுத்து, “மஞ்சள்.”

நான் குனிந்து பார்த்தேன். மஞ்சள்தான்.

“பாத்தீங்களா!” என்றார் அத்தை. குரல் உடைந்துவிட்டது. “புள்ளையா இது?”

அம்மா என்னைப் பார்த்த பார்வையை நான் எழுதப்போவதில்லை. நான் போடவில்லை என்று எனக்குத் தெரியும், குழாய் பொய் சொல்லாது என்றும் தெரியும். இரண்டையும் வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று பதினோரு வயதில் தெரியவில்லை. நானே மறந்துபோய்ப் போட்டுவிட்டேனோ என்றுகூட ஒரு நிமிடம் தோன்றியது.

மாமா குழாயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு அடுப்படிக்குப் போய் ஒரு கோஸ் இலையைக் கிள்ளிக்கொண்டு வந்தார். அத்தை அன்றைய சமையலுக்கு வாங்கிவைத்தது. அதை இடித்துப் பிழிந்து, புதுசாக நீலத் தண்ணீர் ஊற்றி, எட்டுச் சொட்டு விட்டுக் காட்டினார். பச்சை. மஞ்சள். ஆரஞ்சிலேயே போய் நின்றது.

“வெறும் கோஸு,” என்றார். “அதுலயே இருக்கு. காய்க்குன்னு ஒரு இனிப்பு இருக்குமில்ல, அது. இந்தப் பொண்ணு எதுவும் போடல.”

அந்த இடத்தில் நான் வெளியே வந்திருக்கலாம். ஜெயித்துவிட்டேன். அம்மா என் தலையில் கை வைத்தார். ஆனால் மாமா நாற்காலியில் உட்கார்ந்து, தனக்குத்தானே பேசுவது போலக் கேட்டார்.

“டாக்டர் சக்கர கொறஞ்சுபோச்சுன்னாரு. குளுக்கோஸ் ஏத்தினப்புறம்தான் கண்ணத் தொறந்தாளாம். கால டிபன் சரியாத்தான் சாப்பிட்டா. மத்தியானம் சோறும் சாப்பிட்டிருந்தா ஏன் கொறையணும்?”

கட்டிலில் இருந்தவள் வாயைத் திறக்கவில்லை. என்னைக் காட்டிக்கொடுக்க மாட்டாள் என்று எனக்குத் தெரிந்தது. அதனாலேயே சொன்னேன்.

“சோறு சாப்பிடல மாமா. நாந்தான் வேணாம்னு சொன்னேன். நாய்க்குக் கொட்டிட்டேன்.”

மாமா என்னைக் கிட்டக் கூப்பிட்டார். அடிப்பார் என்று நினைத்தேன்.

“எங்க பம்ப் இருக்குதுல்ல,” என்றார். “தண்ணி ஏறிச்சுன்னா சுரங்கம் முழுகிப்போயிடும், அதான் எறைக்கறோம். ஆனா அடியில தண்ணியே இல்லாம பம்ப் ஓடிச்சுன்னா பம்ப் எரிஞ்சுபோயிடும். காலையில நான் போடற ஊசி அந்தப் பம்ப் மாதிரி. அது எறைச்சுக்கினே இருக்கும். அதுக்குச் சோறு வேணும். புரியுதா?”

தலையாட்டினேன். அப்புறம் அவர் மனைவியிடம் திரும்பினார்.

“பையில ஒரு குளுக்கோஸ் பொட்டலம் வெச்சிருந்தேனே? அவளுக்கு மயக்கம் வந்தா வாயில போடச் சொல்லி டீச்சருக்கு ஒரு சீட்டும் சேத்து எழுதி வெச்சேனே? ஏன் யாரும் குடுக்கல?”

அத்தை உள்ளே போனார். இரும்புப் பெட்டி திறக்கும் சத்தம் கேட்டது. சர்க்கரை டின்னுக்குப் பக்கத்திலிருந்து அந்தப் பொட்டலத்தை எடுத்துக்கொண்டு வந்து, மாமாவின் முன்னால் தரையில் வைத்தார். சீட்டு அதன்மேல் மடித்தபடியே இருந்தது.

“நாந்தாங்க எடுத்துட்டேன். சக்கர அவளுக்கு விஷம்னு சொன்னீங்க, இதுவும் சக்கரதான. விஷத்த எப்பிடிங்க எம் பொண்ணு பையில வுட்டுவெப்பேன்?”

“எதுக்குன்னு உங்கிட்ட நான் சொல்லல,” என்றார் மாமா. “கொறையவும் கொறையும்னு சொன்னா நீ பயப்படுவன்னு வுட்டுட்டேன்.”

அத்தை தரையில் உட்கார்ந்து முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். எங்கள் அம்மா போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தார். முந்தின நாள் அந்த அத்தையின் பேச்சைக் கேட்டுத்தான் அம்மா என்னை அடித்தார். இப்போது அவருடைய தோளில் கை போட்டுக்கொண்டிருந்தார். எனக்கு அது அப்போது நியாயமாகப் படவில்லை. இப்போது படுகிறது.

“பசிக்குதும்மா,” என்றாள் கட்டிலில் இருந்தவள். அத்தை எழுந்து ஓடினார். அன்றைக்கு டம்ளரால் அளந்தாரா என்று நான் கவனிக்கவில்லை.

தெருவில் இருந்த மற்றவர்களுக்கு இதெல்லாம் போய்ச் சேரவில்லை. இவள் போட்டாள், அவள் விழுந்தாள் என்பதுதான் சொல்ல லேசாக இருந்தது. நானும் விட்டுவிட்டேன். கடைசிவீட்டுக்காரி இன்றைக்கும் இருக்கிறாள், நம்மில் பலரைவிட நன்றாகவே. பண்ருட்டியில் இருக்கிறாள், ஆபீஸ் வேலை பார்த்து ரிட்டையர் ஆகி, இரண்டு பேரப்பிள்ளைகளை ஸ்கூட்டரில் ஏற்றிப் பள்ளிக்கு விடுகிறாள். கண்ணாடி சிரிஞ்ச், மர இடுக்கி, அந்த மயில்நீலத் தண்ணீர் எதுவும் இப்போது எங்கும் கிடையாது. எல்லாம் ஒரு பேனா அளவுக்கு வந்துவிட்டது.

திங்கட்கிழமை காலையில் பள்ளிக்கூட வாசலில் அத்தை நின்றுகொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் வா என்று கைகாட்டினார். கன்னம் இன்னும் கொஞ்சம் வலித்துக்கொண்டுதான் இருந்தது, நான் ஓரடி தள்ளியே நின்றேன். மடியிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்து என் கையில் வைத்தார்.

“ரெண்டாக் கட்னேன். ஒண்ணு அவ பையில இருக்கு. இது உங்கிட்ட இருக்கட்டும்.”

“எங்கிட்டயா அத்த?”

“நாயிக்குக் கொட்டுனதச் சொல்லாம இருந்திருக்கலாம், யாருக்கும் தெரிஞ்சிருக்காது. நீ சொன்ன. அதான் உங்கிட்ட.” என் ஜடையைச் சரிசெய்கிற மாதிரி ஒரு நிமிடம் தொட்டார். “டீச்சர்கிட்டயும் பேசிட்டேன். இனிமே எல்லாரோடயும்தான் ஒக்காருவா. உருண்ட பண்றத நிறுத்தாதீங்கடி. எங்க வூட்லயே வந்து பண்ணுங்க, நான் கோஸ் வாங்கி வெக்கறேன். ஆனா மொதல்ல அவ சோறு சாப்பிடணும்.”

அந்தப் பொட்டலத்தைப் பள்ளி முடியும்வரை என் ஜாமெட்ரி பாக்ஸில் வைத்திருந்தேன். மாதம் ஒரு தடவை புதுசு மாற்றுவேன். நாலு தடவை தேவைப்பட்டது. நாலு தடவையும் நானே பிரித்து அவள் வாயில் போட்டேன்.

அன்று மத்தியானம் மரத்தடியில் வட்டம் போட்டோம். மூடிகளை நடுவில் தள்ளவில்லை. கடைசிவீட்டுக்காரி தன் டப்பாவைத் திறந்தாள். தயிர்சோறு. நாங்கள் ஆறு பேரும் கையை மடியில் வைத்துக்கொண்டு, மூச்சுக்கூட விடாமல், அவள் வாயையே பார்த்தோம். ஒரு கவளம் போனது. இரண்டாவது போனது. மூன்றாவதை எடுத்தவள் கையைக் கீழே வைத்துவிட்டு எங்களைச் சுற்றிப் பார்த்தாள்.

“இப்பிடி எல்லாரும் வாயப் பாத்துக்கினு இருந்தா நான் எப்பிடிடி சாப்பிடறது? நீங்களும் சாப்பிடுங்கடி.”